காட்சி 31, தொடர்ச்சி

யூனிட்டில் என் பெயரே கன்டினியூட்டி.
"கன்டினியூட்டி, தொப்பி எந்தக் கையில்?"
இடது கை சார். இரண்டாவது பொத்தான் திறந்திருந்தது.
கிளாஸில் பாதி டீ.
இதற்குத்தான் சம்பளம்.

அப்படியும் தப்பிப் போனவை நிறைய.
மண்டபத்தில், வடகடல் பக்கம் ஜீப்பை நிறுத்தி
இறங்குகிறார் இன்ஸ்பெக்டர்.
நாலு எட்டு வைத்துப் பிணத்தருகே குனிந்தால்
முதுகுக்குப் பின்னால் இரைவது தென்கடல்.
கச்சான் அடிக்கும் மாதம், வடக்கே குளமாய்க் கிடந்தது;
பிணத்துக்கு அலை வேண்டும் என்றார் டைரக்டர்.
சென்னையில் வெட்டி ஒட்டியவருக்கு எல்லாம் ஒரே தண்ணீர்.
ஊர்ப் பொடியன்கள்தான் கேட்டார்கள்:
"இவரு எப்பண்ணே தண்டவாளத்தத் தாண்டுனாரு?"

உதயம் என்று எழுதிய காட்சிக்கு
அஸ்தமனத்தைப் பின்னோக்கி ஓட்டினோம்.
சூரியன் ஒழுங்காகத்தான் ஏறியது.
ஒரு காகம் மட்டும் வால் முன்னால் போகப் பறந்தது.

ஸ்டேஷனுக்குள் கான்ஸ்டபிள் கையில் இரண்டு பட்டை,
வெளியே வந்தால் மூன்று.
நிலைப்படி தாண்டும் நேரத்தில் பதவி உயர்வு.

பிணமாகக் கிடந்த கருமலையானுக்கு
நாளுக்கு அறுநூறு, பிரியாணி தனி.
மூன்றாவது டேக்கில் மூக்கருகே நண்டுக்குஞ்சு வர
தும்மிவிட்டார்.
அதுவும் ஒளிபரப்பானது, மேலே வயலின் வைத்து.

இவை போகட்டும்.
நான் சொல்ல வந்தது படகு.

திங்கட்கிழமை எடுத்த ஷாட்டில்
சாட்சி சொல்பவன் தலைக்குப் பின்னால்
ஒரு விசைப்படகு நின்றது. பச்சை உடம்பு, சிவப்புக் கோடு,
எண்ணில் கடைசி மூன்று: 417.
அணியத்தில் நீலச் சட்டை ஒன்று காய்ந்தது.
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
எதிர் ஷாட் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

புதன்கிழமை டோக்கன் போட்டுப் போன படகு
வியாழன் கரை வரவில்லை.
ஐந்து பேரோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று
டீ ஆற்றிக்கொண்டே சொன்னார் கடைக்காரர்.
எங்களிடம் சொன்னதுபோலவும் இல்லை.

"பின்னாடி ஜம்ப் அடிக்குதே," என்றார் கேமராமேன்.
உண்மைதான், அடித்தது.
போட்டோவை நீட்டியது நான்.
அதே நீளத்தில் வேறு படகு வாடகைக்கு வந்தது.
ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் பிரஷ்ஷோடு ஏறினான்.
பச்சை, சிவப்பு,
நாலு, ஒன்று, ஏழு.
நீலச் சட்டையை உடைப் பெட்டியில் தேடி எடுத்தோம்.

சாப்பாட்டு இடைவேளையில் நம்புராணி ஓடிவந்தார்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
ரோட்டிலிருந்தே எண் தெரிந்திருக்கிறது.
யாரும் தடுக்குமுன்
மார்பளவுத் தண்ணீரில் போய்
படகின் விலாவைத் தொட்டார்.
உள்ளங்கையில் பச்சை ஒட்டியது.

சோற்றுத் தட்டோடு நாங்கள் நாற்பது பேர்.
அழுவார் என்று நினைத்தேன்.
அண்ணாந்து சட்டையைப் பார்த்தார்.
"இது அவுக சட்டை இல்ல.
அதுல பை கிழிஞ்சு தொங்கும், இடப்பக்கம்."
நோட்டைப் புரட்டினேன்.
கிழிசலை நான் எழுதியிருக்கவில்லை.

அவர் போன பிறகு
டைரக்டர் என்னைப் பார்த்தார்.
காஸ்ட்யூமில் கத்தரிக்கோல் வாங்கி
நானே பையைக் கிழித்தேன்,
இடப்பக்கம்.

ஆட்கள் நாற்பது நாள் கழித்து வந்தார்களாம்.
படகு அங்கேதான் கிடக்கிறது.
ஒளிபரப்பான அன்று
கடலையும் காகத்தையும் தும்மலையும் பிடித்தவர்கள்
காட்சி 31-ல் ஒன்றும் பிடிக்கவில்லை.
அவ்வளவு சுத்தம்.

வாடகைப் படகுக்காரர் பெயிண்ட் சுரண்டத் தனியாக முந்நூறு கேட்டார்.
கொடுத்தோம்.
சுரண்டியும் ஏழின் வால் போகவில்லை என்கிறார்கள்;
அதோடுதான் கடலுக்குப் போய் வருகிறதாம்.