தபால் சுற்றி வந்தது

குறுவை அறுப்பு.
பெல்ட் வண்டி பின்னால் எடுத்தபோது
வலது பின்னங்காலை இடித்துவிட்டது.
டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு
"செத்துடும்ணே" என்றான்.
தபால் அவனைப் பார்த்தது.
பிறகு என்னை.
இரண்டு பேரில் யாரிடம் கேட்பது என்று
அதற்கு அப்போதே தெரிந்திருந்தது.

(ஒருநாள் தபால்காரர் சைக்கிள் பின்னால் வந்து
திரும்பிப் போகாததால் அந்தப் பெயர்.)

அய்யாறப்பனின் குட்டியானையில்
வைக்கோல் பரப்பி என் மழைக்கோட்டை விரித்து
மன்னார்குடி வழியாக ஒரத்தநாடு.
வேகத்தடை ஒவ்வொன்றுக்கும்
பல்லைக் கடித்தது,
ஏறி இறங்கும்போது அல்ல, அதற்கு முன்பே.
பிரேக் சத்தத்துக்கும் வலிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று
நாலாவது மேட்டிலேயே படித்துவிட்டது.

பிளேட் வைத்த டாக்டர் ஷமீமா
"ஆறு வாரம். குதிக்கக் கூடாது" என்றார்,
என்னிடம் சொல்லவில்லை, அதனிடம்.

ஷட்டர் அறையில் சாக்குப் படுக்கை.
அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால்தான்
ஒன்றுக்குப் போக முடியும்.
முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடக்கியது.
நானும் திருப்பிக்கொண்டேன்.
அப்புறம் தாராளமாய்ப் போனது.

மாத்திரை இரண்டு, மஞ்சளும் வெள்ளையும்.
இட்லிக்குள் வைத்தேன்.
வெல்லத்துக்குள் வைத்தேன்.
வாளைக் கருவாட்டுக்குள்.
மஞ்சள் உள்ளே போனது.
வெள்ளை, ஈரமாய், முழுசாய்,
தட்டின் ஓரத்தில்.
எந்த முறமும் பதரை இவ்வளவு சுத்தமாய்ப் பிரித்ததில்லை.
வாயைப் பிளந்து தொண்டைக்குள் தள்ளினேன்.
கை ஓங்கினேன், ஒரு தடவை.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆறாம் நாள் காலை
சாக்கில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி.
போனில் டாக்டர் கேட்டார்,
"எதைக் கொடுத்த பிறகு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது.
"வெள்ளையை நிறுத்துங்க. வயித்தைப் புண்ணாக்கிருச்சு."

தபாலுக்கு அது முதல் நாளே தெரியும்.
எனக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தது,
வேளைக்கு ஒன்றாய்
தட்டின் ஓரத்தில்.

நாலாம் வாரம் நொண்டி நடந்தது.
மங்களாம்பிகா மீன் ஆயும்போது
இன்னும் கொஞ்சம் நொண்டும்.
நான் ஷட்டர் சக்கரம் சுற்றப் போய்விட்டதாக நினைத்தால்
நேராக நடக்கும்.
தூண் மறைவில் நின்று பார்த்தேன்.
காற்று திரும்பி
என் வியர்வையை அதனிடம் கொண்டுபோனது.
நடுவழியில் கால் மடங்கியது.
மங்களா சிரித்து ஒரு கெண்டையைப் போட்டாள்.
"நடிப்புக்கு."

மதகின் மேல் நடைபாதையில்
ஒரு பலகை போய் மூன்று வருஷம்.
மனு கொடுத்திருக்கிறேன்.
அந்த இடைவெளியைத் தபால் எப்போதும் தாவித்தான் வரும்.

ஆறு வாரம் முடிந்த அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டு
அளவுகோல் பார்க்க அக்கரை போய்விட்டேன்.
திரும்பினால் பலகை ஓரத்தில் நிற்கிறது.
முன்னங்காலால் விளிம்பைத் தொட்டது.
கீழே தண்ணீரைப் பார்த்தது.
கழுத்தை வளைத்துத்
தன் பின்னங்காலைப் பார்த்தது,
வெகுநாள் படுத்துக் கிடந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல.
"வராதே" என்று நான் கத்த வாய் திறப்பதற்குள்
திரும்பிவிட்டது.

ரோட்டுப் பாலம் முக்கால் கிலோமீட்டர்.
ஆகாயத்தாமரை அள்ளிப் போட்ட கரைமேல்
மழைச்சேற்றில்
மெதுவாக, நொண்டாமல் வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்தது.
மூச்சு இரைப்பதை மட்டும் மறைக்கத் தெரியவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்.
நீர்மட்டம் நான்கு அடி இரண்டு அங்குலம்.
குறிப்பு: தபால் சுற்றி வந்தது.

மாதக் கடைசியில் உதவிப் பொறியாளர்
சிவப்பு மையில் வட்டம் போட்டார்.
"எந்தத் தபால்? நகல் இணைக்கவும்."

அவர் ஜீப்பின் நான்கு டயர்களையும்
அது அப்போது முகர்ந்துகொண்டிருந்தது,
எந்த ஊர்ச் சேறு, எந்தத் தெரு நாய் என்று
வரி விடாமல்.