பன்னிரண்டாயிரம் லிட்டர்

மார்ச் கடைசியில் மூன்றாவது ஆழ்துளையும்
காற்றைத்தான் இறைத்தது.
லாரித் தண்ணீர் எழுநூறிலிருந்து
ஆயிரத்து எண்ணூறு.
ஹூடி தாண்டி, ரயில் பாதையோரம்
நூற்று நாற்பது வீடுகள்.
செயலாளர் நான்,
வேறு யாரும் கை தூக்காததால்.

அவசரக் கூட்டம் வற்றிய நீச்சல்குளத்துக்குள்.
நீல ஓடுகள்மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஆழம் ஐந்தடி என்று எழுதிய இடத்தில் மைக்.

பி-404 தேவநாதன் எழுந்தார்.
வேலைக்கு வரும் பெண்கள் ஓசிப் பஸ்ஸில் வருவதை
போன மாதம் கணக்குப் போட்டுக் காட்டி
என் வரி, என் வரி, என் வரி
என்றவர்.
சோஷலிசம் சோம்பேறிகளை வளர்க்கும்,
விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றவர்.
“லாரிக்காரன் இஷ்டத்துக்கு ரேட் வைக்கிறான்,
அரசாங்கம் என்ன தூங்குதா?”
எல்லோரும் கை தட்டினார்கள்.
நானும்.

மனுவைக் கன்னடத்தில் எழுதித் தந்தது
இரவுக் காவலாளி ருத்ரப்பா.
“சார்வஜனிகராத நாவு” என்று ஆரம்பம்.
பொதுமக்களாகிய நாங்கள்.
அந்த ‘ராத’
என் தமிழ்க் காதில் ‘அல்லாத’ போல விழுந்தது.
இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் வாரியத்து லாரி.
எங்கள் கேட்டுக்குள் வரவில்லை,
பின்சுவருக்கு அப்பால்
தகரக் கூரைகளின் சந்தில் நின்றது.
வயிற்றில் காவேரி என்று பெரிதாக.
இந்த ஊரில் அந்தப் பெயரை
நான் குரல் தாழ்த்தித்தான் சொல்வேன்.
குடிப்பது மட்டும் வழக்கம்போல்.

கேனோடு போனோம்.
எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சகாயமேரி
எனக்கு முன்னால் பதினோராவது ஆள்.
தேவநாதன் பர்ஸை எடுத்து
“எவ்வளவு?” என்றார் டிரைவரிடம்.
டிரைவர் புரியாமல் பார்த்தார்.
“வீட்டுக்கு நாலு குடம் சார்”
திரும்பாமலே சொன்னாள் சகாயமேரி,
“எந்த வீடா இருந்தாலும்.”
அவர் கேனைத் தரையில் வைத்தார்,
பர்ஸைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தார்.

மே நடுவில் மழை.
குளம் நிறைந்தது. ஓசிப் பஸ் பேச்சு
திரும்ப வந்துவிட்டது,
இந்த முறை லிஃப்டில்.
மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது.
அதன் பின்பக்கத்தில்தான்
நீச்சல் வகுப்புக் கட்டணம்
கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
மை சற்று ஊறி
முன்பக்கத்து எழுத்து தெரிகிறது,
இடவலம் மாறி.