சங்கு ஊதியது

அரசன் தேடிக்கொண்டிருந்தான்.
கிணறு ஏன் உப்பாயிற்று, கன்று ஏன் செத்துப் பிறக்கிறது,
யார் செய்த பாவம் இந்த ஊர்மேல் இறங்குகிறது என்று
மூன்று காட்சிகளாகத் தேடிக்கொண்டிருந்தான்.
தை மாதம், மேக்னசைட் கம்பெனி ஆண்டுவிழா.
அட்டைக் கிரீடத்துக்குள் எங்கள் மேனேஜர் வேதநாயகம்.
இடது படுதாவுக்குப் பின்னால்
டார்ச்சும் நாடகப் பிரதியுமாக நான்.

முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும்
அரசன் தேடும் ஆள் அரசன்தான் என்று.
அவனுக்கு மட்டும் தெரியாது.
அதைப் பார்க்கத்தான் நாற்காலி போட்டு உட்காருகிறோம்.

ஒத்திகையில் ஒருநாள் கேட்டார்:
"இந்த ராஜாவுக்கு நிஜமாவே தெரியாதாய்யா,
இல்ல, தெரியாத மாதிரி இருக்கானா?"
பிரதியில் அப்படி எதுவும் போடவில்லை சார், என்றேன்.

ஆடியில்
ஐந்தாம் நம்பர் குழியில் வெடி வைத்தார்கள்.
வெடிக்கு முன் சங்கு ஊத வேண்டும்.
சங்கு பழுது என்று மூன்று கடிதம் போயிருந்தது.
மூன்றுக்கும் நகல் என் அலமாரியில்.
மாதையன் சோற்றுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போனான்.
வெள்ளைக் கல், வெள்ளைத் தூசி.
தூக்கிவந்தபோது இமைமயிர்கூட நரைத்திருந்தது
இருபத்தாறு வயதுக்காரனுக்கு.

ஏழு மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.
முழுதாகச் சொல்லவில்லை. பாதி சொன்னார்.
மீதியை நான் முடித்தேன்.
அடி எடுத்துக் கொடுப்பது என் வேலைதானே.
"விதிப்படி சங்கு ஊதியது.
தொழிலாளியின் கவனக்குறைவு."
மூன்று கார்பன். ஓர் எழுத்துப் பிழையில்லை.

பச்சியம்மா கட்டைவிரலை உருட்டுமுன் வாசித்துக் காட்டினேன்.
சங்கு என்ற சொல்லில் நிமிர்ந்தாள்.
"எங்கூட்டு முன்னால ஊதினாங்களே, அதுங்களா?"

ஆமாம் என்றேன்.

நான்காம் காட்சி.
கிழட்டு ஒற்றன் உண்மையைக் கக்கிவிட்டுப் போகிறான்.
அரசன் வலது கையை உயர்த்தி விளக்கில் பார்க்கிறான்.
"அந்தக் கை என் கை."
நான்கே சொல். வரவில்லை.
உதடு அசைந்தது. கண் படுதாப் பக்கம் வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் வரி பளிச்சென்று இருந்தது.
நான் கொடுக்கவில்லை.

அது கோபம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.
இருக்காது. ஒரு மனிதனை, அவ்வளவு பெரிய மனிதனை,
என் வாயைப் பார்த்து நிற்க வைப்பதில்
ஒரு ருசி இருந்தது.
எண்ணினேன். பதினொன்றுவரை எண்ணினேன்.
தூரத்தில் ஏற்காட்டுப் பாதையில் ஒரு லாரி
கொண்டை ஊசி வளைவில் திரும்பி
வெளிச்சத்தை ஒரு முறை எங்கள்மேல் வீசிவிட்டு மறைந்தது.
கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

பிறகு கைதட்டல்.
"ஆஹா, அந்த மௌனம்!" என்றார்
கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர்.
செவ்வாப்பேட்டையில் செய்த வெள்ளிக் கோப்பை பரிசு.

அரிதாரம் கலைக்கும்போது கேட்டார்,
"ஏன்யா குடுக்கல?"
"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார்."
கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.
தேங்காயெண்ணெயில் மீசை கரைந்து
வாயோரமாக வழிந்தது. துடைத்துக்கொண்டார்.
"டைப் அடிச்சது நீதானே" என்றார், மெதுவாக,
சம்பளம் போட்டாச்சா என்று கேட்பதுபோல.

அன்றிரவு சைக்கிளில் சூரமங்கலம் வரும்வரை
அந்த வரி நாக்கிலேயே கிடந்தது.
லெவல் கிராஸிங் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி போகும் இரைச்சலில்
யாருக்கும் கேட்காது என்று தெரிந்துகொண்டு
ஒரு தடவை உரக்கச் சொன்னேன்.

கடித நகல்கள் மூன்றும் இன்னும் அலமாரியில்தான்.
சாவி என் அரைஞாணில்.