தொள்ளா

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில்
தேசப்பன் வாயைத் திறந்தபடி வந்தார்.
அந்நேரத்தில் ஸ்டான்லிக்கு வருகிறவர்கள்
ஏதாவது சொல்லிக்கொண்டேதான் வருவார்கள்.
இவருக்காக, ஷேர் ஆட்டோவில் கூட ஏறிய நால்வர்
ஒரே நேரத்தில் கத்தினார்கள்:

‘ஏலம் கூவிக்கினு இருந்தாரு மேடம்.
ஒத்த வஞ்சிரம், அஞ்சு கிலோ.
மூவாயிரத்தி எட்நூறு, மூவாயிரத்தி தொள்ளா...
அப்டியே நின்னுட்ச்சி.’

‘ஆ’ அங்காந்து சொல்கிற எழுத்து.
பள்ளியில் இலக்கணமாய் மனப்பாடம் செய்ததை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.
மோவாய் முன்னே தள்ளியிருந்தது. எச்சில் சட்டை வரை.
காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் குழி.
குழிக்குள் இருக்க வேண்டிய குமிழ்
மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.
போனதைத் திரும்ப விடாமல்
தசைகள் இழுத்துப் பிடித்திருந்தன.
மெல்லுவதற்கென்றே வளர்ந்தவை,
வேறெதுவும் அவற்றுக்குத் தெரியாது.

தலையில் அசைகிற எலும்பு இது ஒன்றுதான்.
(காதுகளுக்குள் கிடக்கிற, பக்கத்துக்கு மூன்று நொய்யரிசிகளை
இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)
பிறக்கும்போது இரண்டு துண்டு,
முதல் பிறந்தநாளுக்குள் மோவாயில் ஒட்டிக்கொள்கிறது.
பாம்பு ஒட்டவே விடவில்லை,
அதனால் எலி முழுசாக இறங்குகிறது.
முதல் வருடம் சீனியரிடம் வாங்கிய எலும்புப் பெட்டியில்
ஒரு கீழ்த்தாடை, கடைவாயில் ஒரே ஒரு சொத்தைப் பல்.
ஆணா பெண்ணா, வயது என்ன என்று வைவாவில் கேட்டார்கள்.
சொத்தையை அவர் யாரிடம் காட்டினார் என்று
எனக்குத்தான் கேட்கத் தோன்றியது.

சிஸ்டர் ஜெசிந்தா என் கட்டைவிரல்களில் காஸ் சுற்றினார்.
‘இன்னும் ரெண்டு சுத்து.’
திரும்புகிற தாடை நன்றி சொல்லாது, கடிக்கும்.

தாழ்ந்த ஸ்டூலில் அவர்.
கடைவாய்ப் பற்கள்மேல் விரல் ஊன்றிக்
கீழே. இன்னும் கீழே. வரவில்லை.
அவர் கண் என் கண்ணுக்கு அரை அடியில்.
பீடியும் நேற்றைய கருவாடும் மணத்தன.
சுறாவின் மேல்தாடையும் மண்டையோட்டில் பூட்டியதில்லை,
வேண்டும்போது வாயையே முன்னால் எறிந்து இழுத்துக்கொள்ளும்.
முரல் வகையில் ஒன்றுக்குக்
கீழ்த்தாடை மட்டும் ஊசியாய் நீளும்.
இதெல்லாம் அவருக்கு என்னைவிடத் தெரியும்,
தூண்டில் முள்ளிலிருந்து எத்தனை கழற்றியிருப்பார்.
இன்னும் கீழே. இப்போது பின்னே.

டொக்.

‘யிரம்’ என்றார்.

நால்வரும் சிரித்த சிரிப்பில்
பக்கத்து ஸ்ட்ரெச்சர்க்காரர் எழுந்து உட்கார்ந்தார்.
தேசப்பன் சிரிக்கவில்லை. ‘யாரு எட்த்தா?’
நால்வரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

மோவாய்க்கு அடியிலிருந்து உச்சிவரை கட்டு.
இரண்டு வாரம் கஞ்சி.
கொட்டாவி வந்தால் முஷ்டியை மோவாய்க்குக் கீழே கொடுக்கவும்.
ஏலம் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

பத்தாம் நாள், டியூட்டி முடிந்து,
கல்மண்டபத்தில் இறங்காமல் காசிமேட்டுக்கே போனேன்.
ஐஸ் உடைக்கிறார்கள், தரையெல்லாம் செதிள்.
வேறொருவன் கூவிக்கொண்டிருந்தான்.
தேசப்பன் கட்டோடு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று அரிசி என்றேனே,
அதில் இரண்டு, சுத்தியும் பட்டடையும்,
ஒரு காலத்தில் தாடையின் மூட்டு.
பல்லிக்கு இன்னும் அங்கேதான்.
நம் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக்
கடிக்கிற வேலையை விட்டுவிட்டுக்
காதுக்குள் குடிபோயின.
கருவில் சுத்தி இன்றைக்கும்
தாடைக் குருத்தெலும்பின் நுனியில்தான் முளைக்கிறது.

என்னைப் பார்த்ததும் கையசைத்தார்.
பல் தெரியாமல், உதட்டுக்குள்ளேயே சொன்னார்:
‘நடுவுல ஒரு வெலைய முழுங்கறான் மேடம்.
சும்மா குந்திக்கினு கேட்டாதான் தெரியிது.
நானும் முழுங்கிக்கினு இருந்தேனோ இன்னாவோ.’

‘அந்த வஞ்சிரம்?’
‘எட்நூறுக்கே எட்த்துனு பூட்டாங்க.’

அரைக் கிலோ சங்கரா வாங்கினேன், தலையோடு.
அதைக் கழுவும்போது
கட்டைவிரலில் அவர் பல் பதிந்த இடம்
உப்புப் பட்டு எரிந்தது.