பின்னிணைப்பில் சேர்க்காதது

ஆயர் ராஜாவில் ஏழாம் மாடி.
மின்தூக்கிக்குள் ஒட்டிய தாளில்
கொசு மருந்து அடிக்கும் தேதி.
சின் யீ கதவைத் திறந்தாள், காலில் சாக்ஸ் மட்டும்.
வானத்துக்கு அனுப்பப்போகும் கருவி
ஒரு செருப்புப் பெட்டியளவுதான் இருந்தது,
ஏதோ மாநாட்டில் கொடுத்த துவாலைமேல்,
இன்னும் வெட்டாத கேக் மாதிரி.

சூட்டைப் பார்க்கும் கண் இது, என்றாள்.
ஜூரோங் தீவில் எந்தக் குழாய் கசிகிறது,
எந்தக் கூரையில் எந்தச் சூரியத் தகடு செத்துவிட்டது,
ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து சொல்லும்.
ஆளைத் தெரியுமா?
அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.
ட்ரோனில் மாட்டினால் தெரியும்.

கேட்பதுதான் எனக்குச் சம்பளம். கேட்டேன்.
கையிருப்பு எத்தனை மாதம்? ஏழு.
வாங்குபவர்? ஒரு மின்நிறுவனம்,
ஒரு காப்பீட்டுக்காரர்,
அப்புறம் ஒருவர்.
பெயர்?
சின் யீ நஸ்ருலைப் பார்த்தாள்.
நஸ்ருல் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான்.

அவர்கள் காட்டிய இருபத்திரண்டு பக்கங்களில்
இலக்கு என்ற சொல் நான்கு இடத்தில்.
சந்தை இலக்கு, வருவாய் இலக்கு, இரண்டாம் ஆண்டு இலக்கு.
பதினேழாம் பக்கத்தில்
முன்னால் எதுவும் இல்லாமல்,
வெறும் இலக்கு.

மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார்கள்.
மழை விட்டு அரைமணி நேரம்.
விரைவுச்சாலைப் பாலத்தடியில், அட்டை விரித்து,
மதிய இடைவேளையில் தூங்கும் கட்டுமான ஆட்கள்.
திரையில் அவர்கள்
பதினொரு சோற்றுப் பருக்கைகள்.
ஒன்றின் தலைமாட்டில் இன்னும் சின்னதாய் ஒரு வெளிச்சம்:
போன், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.
ஒரு கட்டம் தானாகப் போய் அவரைச் சூழ்ந்தது.
அவர் நடக்க, கட்டமும் நடந்தது.
தூணுக்குப் பின்னால் போனார். காத்திருந்தது.
"நாங்கள் சொல்லாமலே பிடித்துக்கொள்ளும்,"
நஸ்ருலின் குரலில் முதல் பிள்ளையைப் பெற்றவனின் பெருமை.
பிறகு என் முகத்தைப் பார்த்து
"குழாய்க்கும் இதே மென்பொருள்தான்," என்றான்.

தோசை சுடுவதும் ஆளைச் சுடுவதும்
என் மொழியில் ஒரே வினை.
இதை அறிக்கையின் எந்தப் பத்தியில் போடுவது?

கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தேன்.
திரையில் என் கை அங்கேயே இருந்தது,
வெள்ளையாய், ஐந்து விரலோடு.
சுண்டுவிரல் முதலில் போனது.
உள்ளங்கை போக நேரமாயிற்று.

இரவு ஒன்பது நாற்பது, செசில் ஸ்திரீட்.
திருமதி ஓங்கிடமிருந்து குறுஞ்செய்தி:
ஆமா இல்லையா, ஒரே சொல் போதும்.
பதினெட்டு வயதில் தெக்கோங் சேற்றில்
துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தவழ்ந்தவன் நான்.
இதெல்லாம் எனக்கு அந்நியம் என்று நடிக்க முடியாது.
அடுத்த மார்ச்சில் என் மகனுக்கு அழைப்பு.
என்றாவது ஒரு காட்டில் அவன் படுத்திருந்தால்
இந்தக் கண் அவன் பக்கம் இருக்கட்டும் என்றுதான் நினைப்பேன்.
நினைத்தேன்.
அந்தப் பக்கத்திலும் யாரோ ஒருவன் இதையே
வேறு நாணயத்தில் நினைத்துக்கொண்டிருப்பான்.

பரிந்துரை: ஆம். இருபது லட்சம் வெள்ளி, இரண்டு தவணை.
நிபந்தனை: மூன்றாவது வாடிக்கையாளரின் பெயர்.
அந்த வரியைக் காலையில் ஓங் எடுத்துவிடுவார்,
தெரிந்தே எழுதினேன்,
எழுதியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.
களச் சோதனை என்ற தலைப்பின் கீழ்
பதினொரு பேர் என்று தட்டினேன். அழித்தேன்.
"திருப்திகரம்" என்று போட்டேன்.

எழுந்து உட்கார்ந்தவர்
மடியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.
கை கீழே போனது, வாய்க்கு வந்தது, மறுபடி கீழே.
வெறும் கைதான் தெரிந்தது.
விடியுமுன் எங்கோ ஒரு சமையல்கூடத்தில் கட்டிய சோறு.
ஆறிப்போயிருந்தது.
அதனால் படத்தில் இல்லை.