கொய்யா இலை

ஒயினுக்குப் பேர்போன ஊர் என்றாள் சகாயராணி.
எங்கள் தெருவும் அப்படித்தான் என்றேன்.
ஆரப்பாளையத்தில், சந்து முனையில்,
பலகையில் பெயர் மாறி வருடங்கள் ஆகியும்
எல்லோருக்கும் அது ஒயின்ஷாப்புத்தான்.
உள்ளே ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்.

திண்டுக்கல் பேருந்தில் ஏறி
கொடைரோட்டில் இறங்கி
ஷேர் ஆட்டோவில், பூ இறக்கிவிட்டுத் திரும்பும்
காலி மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே
மடித்து வைத்த மாதிரி நாங்கள் இரண்டு பேர்.
சிறுமலை கூடவே வந்தது.
ரயில்வே கேட்டில் எங்களோடு நின்றது.

அருளப்பன்பட்டியில் முதலில் தெரிவது கல்தூண்கள்.
அதன்மேல் கம்பி, கம்பிமேல் கொடி,
கொடிமேல் மைனாவுக்கு விரித்த வலை,
மிச்சம் வெயில்.
பந்தலுக்குள் குனிந்துதான் நடக்க முடியும்.
துத்தம் தெளித்த இலைகளில் நீலம் காய்ந்திருந்தது.
குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள்:
“வெல கேக்க வந்தீகளா, வேடிக்க பாக்கவா?”
“பாக்கத்தான்.”
“அப்ப நல்லாப் பாருங்க.
போன மாசம் கிலோ பதினெட்டுக்குப் போட்டோம்.”

கோயில்பிள்ளை இன்னாசிமுத்து சாவியோடு வந்தார்.
பீடத்துக்குப் பின்னால் எட்டுப் படி இறங்கினால்
நிலவறை.
சுவர்க்கல்லில் யாரோ வெள்ளைக்காரச் சாமியாரின் பெயர்,
பாதியைச் சுண்ணாம்பு தின்றிருந்தது.
“கப்பல்ல வந்துச்சாம் கொடி, ஈரச்சாக்குல சுத்தி.
மூணு பொழச்சதும்பாக. ஏழும்பாக.”
தேக்குப் பீப்பாய் மூன்று. ஒன்றில் மட்டும் ரசம்.
பூசைக்கே பற்றாது என்றார். இருந்தாலும்
எவர்சில்வர் தம்ளரில்
மருந்து அளவுக்கு ஊற்றினார்.

நான் அந்த வாசனைக்குத் தயாரானேன்.
எனக்கு அது பழக்கம்:
தலையணையில், தாழ்ப்பாளில்,
பள்ளிக்கூட ஃபீஸ் ஒளித்துவைத்த சம்படத்தில்.
வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம்.
மழைநாளில் பீரோவைத் திறந்தால் இன்னும் வரும்.
பதினெட்டு வருடம் மோந்தேன்,
ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

இது அது இல்லை.
நனைந்த கருங்கல், கொஞ்சம் நாவல்பழம்,
தொண்டையில் ஒரு துவர்ப்பு.
அப்புறம் மெதுவாக ஒரு சூடு,
யாரோ விளக்கை அணையாமல் பொத்திக்கொண்டு
படியிறங்கி வருகிற மாதிரி.

“நல்லாருக்கா?”
நன்றாக இருந்தது. அதற்குத்தான் கோபம் வந்தது.
இவ்வளவுதானா என்றா,
இவ்வளவு இருந்ததா என்றா,
தெரியவில்லை.
தம்ளரை நீட்டினேன்.
இன்னாசிமுத்து சிரிக்காமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பொழுது சாய வாடிப்பட்டி தாண்டும்போது
“நாக்க நீட்டு” என்றாள் சகாயராணி.
ஊதா.
சிரித்துக்கொண்டே அவள் சமயநல்லூரில் இறங்கிக்கொண்டாள்.
அந்த இடத்தில் ஒரு டீச்சரம்மா வந்து உட்கார்ந்ததும்
என் முந்தானை தானாக வாய்க்குப் போனது.

துண்டால் வாயைப் பொத்தி
சுவரோடு சுவராக அவர் உள்ளே நுழைவதை
எத்தனை ராத்திரி பார்த்திருப்பேன்.
அதே கை. முகத்தை அதே பக்கம் திருப்புவது.

எங்கள் சந்தில் மாநகராட்சிப் பள்ளி மதிலுக்கு வெளியே
சாய்ந்து நிற்கிறது ஒரு கொய்யா.
வாடை போக அவர் இலை மென்ற மரம்.
மேலே அடர்த்தி,
கை எட்டும் உயரம்வரை எப்போதும் மொட்டை.
அவர் போன பிறகு நிறைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.
இல்லை.
எத்தனை பேருடைய மரமோ.

எக்கி ஒன்று பறித்து மென்றேன்.
துவர்ப்பு.
கிட்டத்தட்ட நிலவறையில் இருந்த அதே துவர்ப்பு.
மாடியில் லைட் எரிந்தது,
மகள் படித்துக்கொண்டிருப்பாள்.
இன்னொன்றும் பறித்துக்கொண்டேன்.