பெயரட்டை

நாளை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு.
லெபோ பாசார் மாடியறையில்
பதினோரு கணினிகளில் மென்பொருள் ஏறிவிட்டது.
பன்னிரண்டாவது
முப்பத்தெட்டு விழுக்காட்டில் குந்தியிருக்கிறது.
கீழே புடவைக் கடையின் ஷட்டர் எப்போதோ இறங்கியாயிற்று.

மேசைகளுக்குப் பெயரட்டை செய்கிறேன்.
சூ லிங், ஹாவா, பதாகைக் கடை இருதயராஜ்
ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.
கோகிலவாணிதான் உடைந்தாள்:
ககரம் மொட்டையாக முன்னால்,
இரட்டைக் கொம்பும் காலும்
புள்ளி வட்டமொன்றைக் கட்டிக்கொண்டு பின்னால்.

எழுத்துருவை மாற்றினேன். அமைப்புகளைத் தோண்டினேன்.
ஒன்று இருபதுக்கு
ஒட்டிக்கொண்டது.
தே ஓவில் எறும்பு.

பாடக்குறிப்பில் எழுதப்போனால்
எதை அழுத்தினேன் என்று நினைவில்லை.

செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தட்டுகிறேன்,
அவள் பெயர்
மறுபடி உடையும் இடம்வரை.